டியூஷன் சென்டர், கிளினிக், குடியிருப்புச் சங்கம்: கையில் இருக்கும் அடுத்தவர் விவரங்களைக் காப்பது எப்படி?

இது சிறிய இடங்களுக்கான வழிகாட்டி. நான்கைந்து பேர் வேலை செய்யும் டியூஷன் சென்டர், ஒரே மருத்துவர் நடத்தும் கிளினிக், நூறு வீடு உள்ள குடியிருப்புச் சங்கம் என்ற அளவு. ஐ.டி. ஆள் கிடையாது, வக்கீல் கிடையாது. ஒரு கணினி, இரண்டு மூன்று போன், ஒரு பீரோ, அவ்வளவுதான். இப்படிப்பட்ட சில இடங்களில் கூடவே உட்கார்ந்து இந்த வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒரே தவறுதான் முதலில் கண்ணில் பட்டது. யாரோ ஒருவர் இணையத்திலிருந்து ஒரு 'பிரைவசி பாலிசி'யை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, சுவரில் ஒட்டிவிட்டு வேலை முடிந்ததாக நினைத்திருந்தார்.

அந்த அறிவிப்பு கடைசியில் எழுத வேண்டியது. என்னென்ன நம்மிடம் இருக்கிறது என்று தெரியாமல் எழுதினால், எழுதியது பொய்யாகிவிடும். முதலில் கணக்கெடுக்க வேண்டும். பிறகு வாங்குவதைக் குறைத்து, வேண்டாததை அழித்து, மிச்சத்தைப் பூட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் எழுத்து வேலை. இந்த வரிசை மாறினால் செய்ததையே திரும்பச் செய்ய வேண்டிவரும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு பொறுப்பாளர் வேண்டும். 'எல்லோரும் பார்த்துக்கொள்வோம்' என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். கணினி தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. வரவேற்பில் உட்காருபவருக்கு எந்தத் தாள் எங்கே போகிறது என்று நன்றாகத் தெரியும், அவரே போதும்.

அழிப்பதற்கான அனுமதியை உரிமையாளரிடமோ செயற்குழுவிடமோ எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டுத் தொடங்கினால் நான்காவது படியில் வேலை நின்றுவிடும். 'அது என்றைக்காவது தேவைப்படும்' என்று ஒருவர் சொன்னாலே போதும், எல்லாம் பழையபடி பீரோவுக்குள் போய்விடும்.

சட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம், நடைமுறைக்கு வருகின்றன. சிறிய இடம் என்பதாலேயே யாருக்கும் தானாக விலக்குக் கிடைக்காது. பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். தவறின் அளவையும் தன்மையையும் பார்த்துத்தான் தொகை முடிவாகும் என்பதால் அந்த எண்ணைக் கண்டு பயந்துபோக வேண்டாம். ஆனால் காலம் இருக்கிறதே என்று தள்ளிப்போடவும் வேண்டாம். விவரம் கசிந்தால் பாதிக்கப்படுபவர் 2027 வரை காத்திருக்கப் போவதில்லை.

இன்னொன்று: சட்டம் டிஜிட்டல் வடிவில் உள்ள விவரத்துக்கும், தாளில் வாங்கிப் பிறகு டிஜிட்டலாக மாற்றியதற்கும்தான் பொருந்தும். நோட்டில் மட்டும் இருப்பது அதில் வராது. ஆனால் அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்த நிமிடமே வந்துவிடும். அதனால் நோட்டையும் சேர்த்தே கணக்கெடுங்கள்.

2. கணக்கெடுப்பு: ஒரே ஒரு ஆளைப் பின்தொடருங்கள்

கணினி முன் உட்கார்ந்து தொடங்காதீர்கள். அப்படித் தொடங்குபவர்கள் அதில் இருக்கும் கோப்புகளை மட்டும் பட்டியல் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள். ஒரு நீள நோட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போங்கள். இன்றைக்குப் புதிதாக ஒரு மாணவியோ நோயாளியோ குடித்தனக்காரரோ வருகிறார் என்று வைத்துக்கொண்டு, அவர் தரும் ஒவ்வொரு விவரமும் எங்கெங்கே போகிறது என்று பின்னாலேயே நடந்து பாருங்கள்.

ஒரு டியூஷன் சென்டரில் இப்படி நடந்தபோது கண்டது: அம்மா படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். வரவேற்பில் இருந்தவர் அதைப் போனில் படம் எடுத்து நிர்வாகிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நிர்வாகி அதைப் பார்த்து எக்செல்லில் ஏற்றினார். அந்த எக்செல் கட்டணம் வசூலிப்பவருக்கு மெயிலில் போனது. மாணவியின் எண் வகுப்புக் குழுவில் சேர்க்கப்பட்டது. படிவம் ஒரு கோப்பில் போய்ச் சேர்ந்தது. ஒரே படிவத்துக்கு ஐந்தாறு பிரதிகள். நிர்வாகிக்குத் தெரிந்திருந்தது இரண்டுதான்.

நோட்டில் ஆறு பத்திகள் போதும்: என்ன விவரம், யாருடையது, எதற்காக, எங்கே இருக்கிறது, யார் யார் பார்க்க முடியும், எதுவரை வேண்டும். கடைசிப் பத்தியை இப்போது காலியாக விட்டாலும் பரவாயில்லை.

அநேகமாக எல்லோரும் விட்டுவிடும் இடம் போனின் கேலரி. வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் பல போன்களில் தானாகவே கேலரியில் சேர்ந்துகொள்ளும். கேலரி கூகுள் போட்டோஸோடு இணைந்திருந்தால் ஊழியரின் சொந்தக் கணக்கிலும் ஏறிவிடும். ஒரு குடியிருப்புச் சங்கத்தில் முன்னாள் செயலாளரின் குடும்பப் படங்களுக்கு நடுவே வாடகைதாரர்களின் ஆதார் அட்டைகள் வரிசையாக இருந்தன. அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவருக்கே அது தெரியாது.

வேலையை விட்டுப் போனவரின் போன், மூலையில் கிடக்கும் பழைய கணினி, சிசிடிவி பதிவுப் பெட்டி, கைரேகை வருகைப் பதிவு இயந்திரம், ஆடிட்டர் அலுவலகம், கட்டண வசூலுக்கு வாங்கிய செயலி, காவலாளியின் மேசையில் இருக்கும் நோட்டு என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். ஜெராக்ஸ் கடையை மறந்துவிடாதீர்கள். அங்கே அனுப்பிய பிடிஎஃப் கடைக்காரரின் கணினியிலேயே தங்கியிருக்கும்.

3. வாங்குவதைக் குறைப்பது

அழிப்பதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். குழாயை மூடாமல் தரையைத் துடைத்து என்ன பயன்?

பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: இது இல்லையென்றால் நம்முடைய எந்த வேலை நிற்கும்? பதில் வரவில்லை என்றால் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கணக்குப் பாடம் சொல்லித்தர அப்பாவின் வருமானம் எதற்கு? சாதி எதற்கு? பழைய படிவத்தில் இருந்தது, அதனால் இன்னும் இருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் காரணம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. ஒருவர் ஒப்புக்கொண்டாலும், அந்த நோக்கத்துக்குத் தேவையான விவரத்துக்கு மட்டுமே ஒப்புதல் செல்லும். சட்டத்திலேயே ஓர் உதாரணம் உண்டு: தொலைமருத்துவச் செயலி ஒன்று போனில் உள்ள தொடர்புப் பட்டியலையும் கேட்கிறது, பயனரும் சரி என்கிறார். மருத்துவ ஆலோசனைக்கு அந்தப் பட்டியல் தேவையில்லை என்பதால் அந்த ஒப்புதல் அதற்குச் செல்லாது.

ஆதாரில் கொஞ்சம் நிற்க வேண்டும். கைக்கு வந்த எல்லாவற்றுக்கும் ஆதார் நகல் கேட்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. ஆள் இவர்தான் என்று தெரிந்துகொள்ள மட்டும் என்றால், அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள், 'அடையாளம் பார்க்கப்பட்டது' என்று தேதி போட்டு எழுதினால் போதும். நகல் வேண்டியே தீரும் என்றால் மறைக்கப்பட்ட ஆதாரைக் கேளுங்கள். 12 இலக்கத்தில் முதல் எட்டும் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும் பிரதி அது. மைஆதார் தளத்தில் ஓடிபி கொடுத்து அவரவரே தரவிறக்கலாம். வயதானவர்களுக்கு நீங்களே உடனிருந்து எடுத்துக் கொடுங்கள், ஆனால் எடுத்த கோப்பு உங்கள் கணினியில் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காவலாளியின் நோட்டையும் மாற்றுங்கள். இப்போது வருகிற ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் வந்த பத்துப் பேரின் பெயர், போன் எண், எந்த வீட்டுக்கு வந்தார்கள் என்பதைப் படிக்க முடிகிறது. தனியாக வசிக்கும் ஒரு பெண்ணின் வீட்டுக்கு யார், எப்போது வருகிறார்கள் என்பது அந்தப் பக்கத்தில் திறந்து கிடக்கிறது. ஆளுக்கு ஒரு சிறு சீட்டு, நிரப்பியதும் பூட்டிய பெட்டிக்குள் போட வேண்டும். செலவு மிகக் குறைவு.

4. அழிப்பது: அவசரப்படக் கூடாத படி

உற்சாகத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தவிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். முதலில் நோட்டின் ஆறாவது பத்தியை நிரப்புங்கள். சிலவற்றை வைத்திருந்தே ஆக வேண்டும். உள்நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு அறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். புதிய தரவு விதிகளும் தரவைக் கையாண்டது பற்றிய பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. அதனால் முதன்மைப் பதிவேட்டில் கை வைக்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உபரிப் பிரதிகளுக்கு இந்தத் தயக்கம் வேண்டாம். ஒரே விவரம் ஆறு இடத்தில் இருந்தால் எது முதன்மை என்று முடிவு செய்து மற்ற ஐந்தையும் அழியுங்கள். பெரும்பாலான ஆபத்து அந்த ஐந்தில்தான் இருக்கிறது.

போனில் அழிக்கும் வரிசை முக்கியம். முதலில் வாட்ஸ்அப்பில் மீடியா தானாகக் கேலரிக்குப் போவதை நிறுத்துங்கள். பிறகு உரையாடலில் உள்ள படம், அப்புறம் கேலரி, அப்புறம் கூகுள் போட்டோஸ், கடைசியில் அதன் குப்பைத்தொட்டி. கூகுள் டிரைவில் நீக்கிய கோப்பும் 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். முதல் இடத்தில் அழித்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு.

தாளைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். பழைய தாள்கள் பஜ்ஜி மடிக்கவும் சுண்டல் கட்டவும் போவதை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். யாரோ ஒருவரின் ரத்தப் பரிசோதனை முடிவு அப்படிப் போகக் கூடாது. தாள் நறுக்கும் இயந்திரம் இல்லையென்றால் ஒரு நாள் மாலை எல்லோரும் உட்கார்ந்து கிழித்து வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்குங்கள். ஒரு கிளினிக்கில் பத்து ஆண்டுத் தாள்களை அப்படித்தான் முடித்தோம்.

பழைய கணினியையும் போனையும் எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் முன் கணக்குகளிலிருந்து வெளியேறி, முழுமையாக ரீசெட் செய்யுங்கள். பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

5. மிச்சத்தைப் பூட்டுவது

இப்போது பூட்டுவதற்குக் குறைவாகத்தான் இருக்கும். இதை முதலிலேயே செய்திருந்தால் குப்பைக்கும் சேர்த்துக் காவல் போட்டிருப்பீர்கள்.

கூகுள் ஷீட்டின் பகிர்வு அமைப்பைத் திறந்து பாருங்கள். 'இணைப்பு வைத்திருக்கும் எவரும்' என்று இருந்தால், அந்த இணைப்பு எந்தக் குழுவுக்குப் போனாலும் அங்குள்ளவர்கள் எல்லோரும் படிக்கலாம். பெயர் குறிப்பிட்ட மெயில்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். கூகுள் ஃபார்மில் 'முடிவுகளின் சுருக்கத்தைக் காட்டு' என்பது இயக்கத்தில் இருந்தால் நிரப்பியவர் மற்றவர்களின் பதில்களையும் பார்க்க முடியும், அதை அணைத்துவிடுங்கள். எக்செல்லில் பத்தியை மறைத்து அனுப்புவது மறைத்ததாகாது, பெறுபவர் ஒரே சொடுக்கில் திறந்துவிடுவார். தேவையான பத்திகளை மட்டும் புதிய கோப்பில் ஒட்டி அனுப்புங்கள்.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றி அழுத்தியே சொல்கிறேன். குழுவில் சேர்த்தால் ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். பிளஸ் டூ மாணவர்களும் பெற்றோர்களும் கலந்த ஒரு குழுவிலிருந்து எண்ணை எடுத்து, முன்பின் தெரியாத ஒருவர் ஒரு மாணவிக்குத் தினமும் செய்தி அனுப்பிய சம்பவத்துக்குப் பிறகுதான் ஒரு சென்டர் என்னைக் கூப்பிட்டது. அந்தப் பெண் வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். அறிவிப்பு மட்டும் அனுப்ப வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுவைப் பயன்படுத்துங்கள். அங்கே உறுப்பினர்களின் எண்கள் நிர்வாகிக்குத் தெரியும், மற்ற உறுப்பினர்களுக்கு மறைந்திருக்கும். பிராட்காஸ்ட் பட்டியலும் உதவும், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் செய்தி போகும். 'வரவில்லையே' என்று புகார் வந்தால் காரணம் அநேகமாக அதுதான்.

மற்றவை சுருக்கமாக. ஆளுக்கு ஒரு தனிக் கணக்கு, இரண்டு படிச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்பது). சிசிடிவி பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பக்கத்தில் அடையாளம் தெரியாதவற்றை வெளியேற்றுங்கள். ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளிலேயே அவருடைய அணுகலை நீக்குங்கள், அவருக்கு மரியாதை குறைவு என்று நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். கட்டணச் செயலி, ஆடிட்டர் போன்ற வெளியாட்களிடம் எழுத்தில் ஒப்பந்தம் இருக்கட்டும். அவர்களிடமிருந்து கசிந்தாலும் சட்டப்படி பொறுப்பு உங்களுடையது.

6. இப்போது எழுதலாம்: அறிவிப்பும் ஒப்புதலும்

நோட்டு கையில் இருப்பதால் இது அரை மணி நேர வேலைதான். என்ன விவரம், எதற்காக, ஒப்புதலைத் திரும்பப் பெறுவது எப்படி, உரிமைகளைக் கேட்பது எப்படி, இந்தச் சட்டப்படி புகார்களை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் புகார் செய்வது எப்படி என்பவை இருக்க வேண்டும். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றில் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, தமிழ் அதில் உண்டு. ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குவதை நிறுத்துங்கள்.

நடை இப்படி இருக்கலாம்: 'உங்கள் பிள்ளையின் பெயர், வகுப்பு, உங்கள் போன் எண் ஆகிய மூன்றையும் வாங்குகிறோம். வருகை, கட்டணம், தேர்வுத் தேதி ஆகியவற்றைத் தெரிவிக்க மட்டும் பயன்படுத்துவோம். வேறு யாருக்கும் தர மாட்டோம். வேண்டாம் என்று தோன்றினால் இந்த எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பினால் போதும்.' அடுத்துப் பொறுப்பாளரின் எண், புகார் வழி.

ஒப்புதல் கட்டங்களை முன்கூட்டியே டிக் செய்து வைக்காதீர்கள். நோக்கத்துக்கு ஒன்றாகத் தனித்தனிக் கட்டம் வையுங்கள். கொடுப்பது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். ஒரு டிக்கில் வாங்கிவிட்டு, வேண்டாம் என்பவரை நேரில் வந்து கடிதம் கொடுக்கச் சொல்லக் கூடாது.

7. பதினெட்டு வயதுக்குக் கீழே

18 வயது நிறையாத எல்லோரும் இந்தச் சட்டத்தில் குழந்தைகள். பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் (ஒப்புக்கொண்டவர் பெற்றோர்தான் என்று உறுதி செய்யக்கூடியது) வேண்டும், மாணவரே போட்ட கையெழுத்து போதாது. சேர்க்கைக்குப் பெற்றோர் நேரில் வரும்போதே வாங்கிவிடுங்கள். பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்யவோ அவர்களின் நடத்தையைக் கண்காணிக்கவோ கூடாது. வருகைப் பதிவு, பாதுகாப்பு போன்றவற்றில் கல்வி நிறுவனங்களுக்கு விதிகளில் சில தளர்வுகள் உண்டு, விளம்பரத்துக்கு இல்லை.

ரிசல்ட் வந்ததும் அடிக்கும் ஃபிளெக்ஸ் இங்கேதான் வருகிறது. பிள்ளையின் படம், பெயர், மதிப்பெண், பள்ளி எல்லாம் தெருமுனையில். அதற்குத் தனியாகக் கேளுங்கள், சேர்க்கைப் படிவத்தோடு சேர்த்து வாங்காதீர்கள். பெருமையோடு சரி என்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். வேண்டாம் என்பவருக்கு வற்புறுத்தல் இருக்கக் கூடாது. குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களின் பட்டியலைக் குழுவில் போடுவதை அடியோடு விடுங்கள்.

8. யாராவது வந்து கேட்டால்

இந்தப் பகுதியைப் பொதுமக்களும் படிக்கலாம், ஏனென்றால் கேட்கும் உரிமை உங்களுடையது. என்னைப் பற்றி என்ன விவரம் வைத்திருக்கிறீர்கள், யாரிடமெல்லாம் பகிர்ந்தீர்கள் என்று கேட்கலாம். தப்பைத் திருத்தச் சொல்லலாம். தேவை முடிந்ததும் அழிக்கச் சொல்லலாம். தனக்குப் பிறகு இந்த உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கவும் செய்யலாம். முதலில் அந்த நிறுவனத்திடம்தான் முறையிட வேண்டும். அங்கே தீராவிட்டால் வாரியத்துக்குப் போகலாம். எப்போதும் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் தேதி பதிவாகும்.

நிறுவனத்தார் செய்ய வேண்டியது: கேட்டவர் அவர்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். 'நான் அவருடைய கணவர்' என்று போனில் ஒருவர் சொன்னதும் கிளினிக் ஊழியர் பரிசோதனை முடிவைப் படித்துக் காட்டுவது உதவி செய்ததாகாது. பதிவில் உள்ள எண்ணுக்குத் திரும்ப அழைத்துப் பேசுங்கள். அழிக்க முடியாதது என்றால் எந்தச் சட்டம் காரணம், எதுவரை என்று சொல்லுங்கள். முறையீட்டைத் தீர்க்க விதிகள் தரும் உச்ச காலம் 90 நாள், ஆனால் சிறிய இடத்தில் ஒரு வாரம் தாராளமாகப் போதும்.

9. கசிந்துவிட்டால்

முதல் அரை மணி நேரத்தில் மூடுங்கள்: பகிர்வை நிறுத்துவது, கடவுச்சொல் மாற்றுவது, தொலைந்த போனைத் தூரத்திலிருந்து பூட்டுவது. ஆனால் பதிவுகளை அழித்துவிடாதீர்கள். வெட்கத்தில் கோப்பையே நீக்கிவிட்டால் யார் யார் பார்த்தார்கள் என்று பிறகு சொல்ல முடியாது. நீக்கும் முன் திரையைப் படம் எடுத்து நேரத்தோடு வையுங்கள்.

அடுத்து, பாதிக்கப்பட்டவர்களுக்குத் தாமதமில்லாமல் சொல்ல வேண்டும்: என்ன நடந்தது, எப்போது, எந்த விவரம், என்ன விளைவு வரலாம், நாங்கள் என்ன செய்கிறோம், நீங்கள் என்ன செய்ய வேண்டும், யாரிடம் பேசலாம். வாரியத்துக்கும் உடனே தெரிவித்து, தெரிய வந்ததிலிருந்து 72 மணி நேரத்துக்குள் முழு விவரம் தர வேண்டும். சிறிய கசிவு என்பதால் விலக்கு இல்லை. இணையத் தாக்குதல் போன்றவற்றை 6 மணி நேரத்தில் செர்ட்-இன் என்ற மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்கச் சொல்லும் 2022 உத்தரவையும் பாருங்கள்.

'நீங்கள் என்ன செய்ய வேண்டும்' என்ற வரிதான் மக்களுக்கு மிகவும் உதவும். ஆதார் நகல் கசிந்திருந்தால் மைஆதார் தளத்தில் பயோமெட்ரிக்கைப் பூட்டச் சொல்லுங்கள், சந்தேகத்துக்கு ஆதார் உதவி எண் 1947. தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் தங்கள் பெயரில் எத்தனை மொபைல் இணைப்பு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் யோசிக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. முதல் சில மணி நேரத்தில் அழைத்தால்தான் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

10. மூன்று மாதத்துக்கு ஒருமுறை

ஒரு மணி நேரம் ஒதுக்கி, நோட்டைத் திறந்து மறுபடி வாசலிலிருந்து நடங்கள். புதிதாக வந்த ஊழியர் ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள். பழகியவர் கண்ணில் படாதது அவர் கண்ணில் படும். கடைசியாகப் பிரவுசரில் மறைநிலைச் சாளரத்தை (இன்காக்னிடோ) திறந்து, உங்கள் ஷீட்டுகளின் இணைப்புகளை ஒவ்வொன்றாக ஒட்டிப் பாருங்கள். கூகுள் 'அணுகல் தேவை' என்றோ உள்நுழையச் சொல்லியோ கேட்டால் சரி. நேராகத் திறந்துகொண்டால் ஐந்தாவது படிக்குத் திரும்புங்கள்.